ரேடியோ ட்ரிகரை அழுத்தியும் கேமரா க்ளிக் ஆகாதபோது: அறிகுறி வாரியாகப் பார்க்க வேண்டியவை

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே திருமணங்களையும் கோயில் திருவிழாக்களையும் படமெடுப்பவர்கள், ஆள் நிற்க முடியாத இடத்தில் இரண்டாவது கேமராவைக் கட்டிவைத்துக் கீழிருந்து ரேடியோ ட்ரிகரால் இயக்குவது இப்போது வழக்கமாகிவிட்டது. மணமேடையின் உச்சி, தேர் திரும்பும் வீதியில் ஒரு மாடியின் கைப்பிடிச் சுவர், பறவைகளுக்காக ஊசுடேரியின் சேற்றுக்கரை என்று அந்தக் கேமரா எங்கெங்கோ உட்கார்ந்திருக்கிறது. "ட்ரிகர் போய்விட்டது, வேறு வாங்க வேண்டும்" என்று சொல்லி நண்பர்கள் என்னிடம் கொண்டுவந்தவற்றில் பெரும்பாலும் ட்ரிகர் நன்றாகவே இருந்தது. கோளாறு, ரிசீவரிலிருந்து கேமராவுக்குச் செல்லும் ஒரு சாண் கேபிளிலோ, கேமராவின் மெனுவிலோ, உப்புக்காற்று தின்ற முனையிலோதான் ஒளிந்திருந்தது. எனவே கீழே ஒவ்வோர் அறிகுறிக்கும் காசு செலவாகாத காரணத்தை முதலிலும் செலவு வைக்கும் காரணத்தைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். கையில் வைத்து அழுத்துவதை டிரான்ஸ்மிட்டர் என்றும், கேமராவோடு இணைந்திருப்பதை ரிசீவர் என்றும் குறிப்பிடுகிறேன்.

எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டிய ஒரு நிமிடச் சோதனை

கேமராவில் செருகியிருக்கும் ரிசீவர் கேபிளைக் கழற்றிவிட்டு, அதே துளையில் சாதாரண வயர் ரிமோட்டைச் செருகி அழுத்திப் பாருங்கள். க்ளிக் ஆனால் கேமராவின் மேல் பழியில்லை. கேபிளையும் ட்ரிகரையும் மட்டும் பார்த்தால் போதும். ஆகாவிட்டால் ட்ரிகரைத் தொடவே வேண்டாம். கேமராவின் அமைப்பையும் அந்தத் துளையையும் பாருங்கள்.

வயர் ரிமோட் கையில் இல்லாதவர்கள், ரிசீவர் பக்க முனை ஹெட்போன் பின் போல மூன்று பகுதியாக இருக்கும் கேபிளாக இருந்தால், கேமரா பக்கம் செருகியபடியே மறுமுனையைக் கழற்றி, விரித்த காகித க்ளிப் ஒன்றால் பின்னின் நுனி, நடு வளையம், அடிப்பகுதி ஆகிய மூன்றையும் ஒருசேரத் தொடலாம். பெரும்பாலான கேபிள்களில் நடு வளையமும் அடிப்பகுதியும் சேர்ந்தால் ஃபோகஸ், நுனியும் அடிப்பகுதியும் சேர்ந்தால் க்ளிக். மூன்றும் சேர்ந்தால் பட்டனை முழுதாக அழுத்தியதற்குச் சமம். அந்த முனையில் இருப்பது சில வோல்ட் மட்டுமே என்பதால் ஆபத்தில்லை. ஆனால் இந்த வேலையை ஃபிளாஷின் பின்னில் ஒருபோதும் செய்யாதீர்கள். பழைய ஃபிளாஷ்கள் சிலவற்றின் முனையில் நூறு வோல்ட்டுக்கும் மேல் இருக்கும்.

அறிகுறி 1: ரிசீவரில் விளக்கே எரியவில்லை

செல்தான் முதல் காரணம். டி.வி. ரிமோட்டில் போடும் சிறிய செல் இரண்டில் இயங்கும் ட்ரிகர்களே அதிகம். ஒரு செல் புதியதும் மற்றொன்று பழையதுமாக இருந்தாலும், ஒன்று திருப்பிப் போடப்பட்டிருந்தாலும் விளக்கு எரியாது. ரீசார்ஜ் செல்லின் அழுத்தம் 1.2 வோல்ட், ஆல்கலைன் செல்லுக்கு 1.5 வோல்ட். சில ட்ரிகர்கள் ரீசார்ஜ் செல்லை ஏற்றுக்கொள்ளும், சில பாதி நாளில் சோர்ந்துவிடும். சந்தேகம் இருந்தால் இரண்டு புதிய ஆல்கலைன் செல்களைப் போட்டுப் பார்த்துவிட்டு மேற்கொண்டு செல்லுங்கள். டிரான்ஸ்மிட்டரில் 12 வோல்ட் 23ஏ செல் போடும் பழைய மாடல் வைத்திருப்பவர்கள் மாற்று செல் ஒன்றைப் பையிலேயே வைத்திருப்பது நல்லது. அவசரத்துக்குத் தெருமுனைக் கடையில் அது கிடைப்பது அரிது.

அடுத்து செல் அறையின் சுருள்கம்பியையும் தகட்டையும் டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளையாகப் பூத்திருந்தால் ஆல்கலைன் செல் கசிந்திருக்கிறது என்று பொருள். பஞ்சுக்குச்சியில் இரண்டு சொட்டு வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்டுத் துடைத்து, பிறகு ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்ட வேறொரு குச்சியால் துடைத்து, முழுதும் காய்ந்தபின் செல்லைப் போடுங்கள். பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தால் அது உப்புக்காற்றின் வேலை. ஆல்கஹாலே போதும், விடாப்பிடியாக இருந்தால் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்க்கலாம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் மேல்பூச்சு போய், அடுத்த மழைக்காலத்துக்குள் இன்னும் மோசமாகத் துருப்பிடிக்கும்.

தகடு அறுந்து ஆடினால், சால்டரிங் தெரிந்த எலெக்ட்ரானிக்ஸ் கடைக்காரர் சரிசெய்து தருவார். தகடு சுத்தமாக இருந்தும் புதிய செல்லுக்கு விளக்கு எரியவில்லை என்றால் உள்ளே சர்க்யூட் பலகை போயிருக்கும். விலை குறைந்த ட்ரிகராக இருந்தால் பழுதுபார்க்கச் செலவிடாமல் புதியது வாங்குவதே மேல்.

அறிகுறி 2: டிரான்ஸ்மிட்டரில் விளக்கு எரிகிறது, ரிசீவர் கண்டுகொள்ளவில்லை

சேனல் மாறியிருக்கும். நான்கு சிறிய சுவிட்ச்களை மேலும் கீழும் தள்ளி 16 சேனல்கள் அமைக்கும் மாடல்களில், பையில் உரசி ஒரு சுவிட்ச் பாதியில் நிற்பது அடிக்கடி நேரும். கண்ணுக்கு ஒரே மாதிரி தெரிந்தாலும் இரண்டு கருவிகளிலும் நான்கையும் நகத்தால் ஒருமுறை ஏற்றி இறக்கி வையுங்கள். சேனலோடு ஐ.டி. எண், குரூப் என்று கூடுதல் அமைப்புகள் கொண்ட மாடல்களில் அவையும் ஒத்துப்போக வேண்டும். அனுப்பவும் பெறவும் இரண்டுக்குமான கருவிகளில், இரண்டுமே அனுப்பும் நிலையில் வைக்கப்பட்டிருந்தால் ஒன்று பேச மற்றொன்று கேட்காது.

இவ்வளவும் சரியென்றால் அலைவரிசையைப் பாருங்கள். புதுச்சேரியில் பிரான்சிலிருந்து உறவினர் கொண்டுவந்த கருவியும், வேறொருவர் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த கருவியும் ஒரே பையில் சேர்வது புதிதல்ல. பாக்கெட்விசார்ட் பிளஸ் என்னும் ட்ரிகர் வரிசையில் அமெரிக்க மாடல் 344 மெகாஹெர்ட்ஸை ஒட்டியும், ஐரோப்பிய மாடல் 433 மெகாஹெர்ட்ஸை ஒட்டியும் இயங்குகின்றன. பார்க்க இரட்டைப் பிள்ளைகள் போல இருந்தாலும் ஒன்றோடொன்று ஒருநாளும் பேசாது. எந்த மெனுவாலும் அதை மாற்ற முடியாது. வேறு பிராண்டுகளின் 2.4 கிகாஹெர்ட்ஸ் ட்ரிகர்களும் அலைவரிசை ஒன்றே என்பதற்காக ஒன்றையொன்று புரிந்துகொள்வதில்லை.

அறிகுறி 3: இரண்டிலும் விளக்கு எரிகிறது, கேமரா மட்டும் அசையவில்லை

என்னிடம் வரும் பத்தில் ஏழு இந்த வகைதான். பொறுமையாகப் பார்க்க வேண்டிய இடமும் இதுவே. பட்டனைப் பாதி மட்டும் அழுத்திப் பாருங்கள். கேமரா ஃபோகஸ் செய்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து வழி இரண்டாகப் பிரிகிறது.

*பாதி அழுத்தியும் எந்த அசைவும் இல்லையென்றால்*

கேபிள் எந்தத் துளையில் இருக்கிறது என்று பாருங்கள். ஃபிளாஷுக்கான சிங்க் துளை ரிமோட் துளைக்குப் பக்கத்திலேயே இருக்கும் கேமராக்களில் இந்தத் தவறு நடக்கும். சிங்க் துளை கேமராவிலிருந்து ஃபிளாஷுக்குச் செய்தி போகும் வழி. அதன் வழியே கேமராவை இயக்க முடியாது. கேமராவின் தலையில் ஃபிளாஷ் மாட்டும் ஹாட் ஷூவில் ரிசீவரை மாட்டிவிட்டு, கேபிளே இல்லாமல் கேமரா க்ளிக் ஆகும் என்று எதிர்பார்த்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

பிறகு கேபிள் அந்தக் கேமராவுக்கு உரியதுதானா என்று பாருங்கள். கேனனில் சிறிய மாடல்களுக்கு 2.5 மில்லிமீட்டர் பின்னும், 5டி, 6டி, 7டி போன்றவற்றுக்கு என்3 என்னும் மூன்று முனைச் செருகியும் வேண்டும். நிக்கானில் டி800, டி850 போன்றவற்றுக்கு உருண்டையான 10 முனைச் செருகி. டி5600, டி7500, டி750 முதலியவற்றுக்குச் சிறிய தட்டைச் செருகி. நிக்கான் இசட் 50 போன்ற சில சிறிய கேமராக்களில் இத்தகைய துளையே கிடையாது. அவற்றுக்குக் கேபிள் தேடி அலைய வேண்டாம். ஃபியூஜிஃபிலிம் எக்ஸ்-டி30 போன்றவற்றில் மைக்கும் ரிமோட்டும் ஒரே துளையைப் பகிர்ந்துகொள்வதால், மெனுவில் ரிமோட் என்று மாற்றாதவரை ட்ரிகர் அழுத்துவது கேமராவின் காதில் விழாது.

அடுத்தது செருகி முழுதாக உள்ளே போயிருக்கிறதா என்பது. கேமராவின் ரப்பர் மூடி ஓரத்தில் மடங்கி நின்று, பின்னை ஒரு மில்லிமீட்டர் வெளியே தள்ளியிருக்கும். அவ்வளவு போதும், தொடர்பு அறுந்துவிடும். மூடியை முழுதாக விலக்கி, பின்னை மெல்லத் திருகியபடி அழுத்துங்கள்.

மாசி மகத்தன்று புதுச்சேரி வைத்திக்குப்பத்தில் மயிலம் முருகன் உள்ளிட்ட உற்சவர்கள் தீர்த்தவாரிக்கு வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தபோது, மூங்கில் கம்பத்தில் கட்டியிருந்த என் கேமரா நின்றுபோனது. முதல் நாள் மாலை வீட்டில் நூறு முறை ஒழுங்காக க்ளிக் ஆனது. கம்பத்தைச் சாய்த்துப் பின்னைக் கழற்றிப் பார்த்தபோது, பொன்னிறமாக இருக்க வேண்டிய நுனியில் கடுகளவு பச்சைப் புள்ளி ஒன்று ஒட்டியிருந்தது. துண்டின் முனையால் அழுத்தித் துடைத்து, துளைக்குள் பின்னைப் பத்துப் பன்னிரண்டு முறை செருகி எடுத்ததும் கேமரா எழுந்துகொண்டது. அன்றிலிருந்து கடற்கரை வேலைக்குப் போகும் முன்னிரவு பின்னையும் துளையையும் ஆல்கஹாலால் துடைப்பதையும், கேபிளைச் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் தனியாக வைப்பதையும் நான் தவறவிட்டதில்லை.

பின் சுத்தமாக இருந்தும் பயனில்லை என்றால் கேபிளின் உட்கம்பி அறுந்திருக்கலாம். ட்ரிகரை அழுத்தியபடியே கேபிளைப் பின்னுக்கு அருகில் மெல்ல வளைத்துப் பாருங்கள். ஏதோ ஒரு கோணத்தில் க்ளிக் ஆனால் அது லூஸ் கான்டாக்ட், கேபிளை மாற்றிவிடுங்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கேபிளை ஒட்டிப் பார்த்துக்கொண்டிருப்பதில் பொருளில்லை. மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் கேபிளின் இரு முனைகளுக்கும் இடையே பீப் சத்தம் வருகிறதா என்று ஒவ்வொரு கம்பியாகப் பார்க்கலாம். ட்ரிகரை அழுத்தியபடி ரிசீவரின் முனையிலும் இவ்வாறு பார்க்கலாம். ஆனால் சில ரிசீவர்கள் ஒரு திசையில் மட்டுமே கடத்தும் என்பதால், சத்தம் வராவிட்டால் சிவப்பு, கறுப்புக் கம்பிகளை மாற்றி வைத்துப் பார்த்தபிறகே முடிவுக்கு வாருங்கள்.

புதிய கேபிளுக்கும் வயர் ரிமோட்டுக்கும் அசையாத கேமராவில் துளையின் உள்முனை வளைந்திருக்கும் அல்லது துளை பலகையிலிருந்து பெயர்ந்திருக்கும். குண்டூசி விட்டு நிமிர்த்தப் பார்க்காதீர்கள். சர்வீஸ் சென்டருக்கு எடுத்துச் செல்ல வேண்டிய கட்டம் இதுவே.

*ஃபோகஸ் ஆகிறது, க்ளிக் ஆகவில்லை என்றால்*

ஃபோகஸ் சிக்காதவரை ஷட்டரை விடமாட்டேன் என்று கேமரா அடம்பிடிக்கிறது. ஆள் இல்லாத கேமராவுக்கு ஆட்டோ ஃபோகஸ் வேண்டாம் என்பது என் முடிவான கருத்து. ஃபோகஸ் செய்துவிட்டு மேனுவலுக்கு மாற்றி, லென்ஸ் வளையத்தின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். பறவைக்காக ஆட்டோ ஃபோகஸ் தேவைப்படுபவர்கள், ஃபோகஸ் கிடைப்பதற்கு முன்பே க்ளிக் செய்ய அனுமதிக்கும் அமைப்பை மெனுவில் தேர்ந்தெடுக்கலாம். மங்கலான படங்கள் பலவற்றைத் தாங்கிக்கொள்ளத் தயாராக இருக்க வேண்டும்.

அதுவும் இல்லையென்றால் கார்டு நிறைந்துவிட்டதா, கார்டே இல்லையா, தொடர்ந்து எடுத்ததில் பஃபர் (கார்டில் எழுதும்வரை படங்களை வைத்திருக்கும் தற்காலிக நினைவகம்) நிரம்பிக் காத்திருக்கிறதா என்று பாருங்கள். இவை எதுவும் இல்லாமல் ஃபோகஸ் மட்டும் ஆனால், க்ளிக் கம்பி மட்டும் அறுந்திருக்கிறது, கேபிளை மாற்றுங்கள். இதற்கு நேர்மாறாக, சில நிக்கான் கேமராக்கள் ஃபோகஸ் கம்பியும் சேர்ந்தாலொழிய க்ளிக் ஆகா. விலை குறைந்த இரண்டு கம்பிக் கேபிள் அங்கே பயன்படாது.

அறிகுறி 4: முதல் அழுத்தம் வீணாகிறது, இரண்டாவதுக்கு க்ளிக் ஆகிறது

கேமரா தூங்கிவிட்டது, முதல் அழுத்தம் அதை எழுப்புவதற்கே செலவாகிறது. தானாக அணையும் நேரத்தை மெனுவில் நீட்டுங்கள் அல்லது முழுதும் நிறுத்துங்கள். மிரர்லெஸ் கேமராவில் இதனால் பேட்டரி விரைவில் தீரும் என்பதால், பவர் பேங்கிலிருந்து மின்சாரம் ஏற்கும் கேமராவாக இருந்தால் அதைச் செருகிவிடலாம். இல்லையென்றால் எதிர்பார்க்கும் கணத்துக்குச் சில நொடிகளுக்கு முன் பட்டனைப் பாதி அழுத்தி எழுப்பிவிடும் பழக்கம் வேண்டும். பாதி அழுத்த வசதியில்லாத ட்ரிகர்களுக்கு, கேமராவை எப்போதும் விழித்திருக்க வைக்கும் சிறிய சுவிட்ச் கொண்ட ப்ரீ-ரிலீஸ் கேபிள் உண்டு.

ஒவ்வொரு முறையும் சரியாக 2 நொடியோ 10 நொடியோ கழித்து க்ளிக் ஆனால் அது கோளாறே அல்ல. செல்ஃப் டைமர் அணையாமல் இருக்கிறது.

அறிகுறி 5: பக்கத்தில் நன்றாக இயங்குகிறது, தள்ளிப் போனால் இல்லை

பெட்டியில் 100 மீட்டர் என்று அச்சிட்டிருப்பது திறந்த வெளியில், தடையின்றி, புதிய செல்லோடு கிடைக்கும் தூரம். செல்லை மாற்றிவிட்டுப் பார்ப்பது இங்கும் முதல் வேலை. அதன்பின் ரிசீவர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்: இரும்புக் கைப்பிடியோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தாலும், கேமராவின் உடலுக்குப் பின்னால் மறைந்திருந்தாலும், ஈர மணலுக்கு ஒரு சாண் மேலே இருந்தாலும் தூரம் பாதிக்கும் கீழே இறங்கும். ரிசீவரைக் கேமராவிலிருந்து விலக்கி, கேபிள் அனுமதிக்கும் அளவுக்கு உயரமாக, டிரான்ஸ்மிட்டர் இருக்கும் திசையை நேராகப் பார்க்கும்படி வையுங்கள்.

மனித உடலும் ஈர இலைகளும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை நன்றாக விழுங்கிவிடும். பிச்சாவரத்தில் படகிலிருந்து அலையாத்திப் புதருக்குப் பின்னால் வைத்த கேமராவை இயக்க முயன்றவர்களுக்கு இது தெரியும். புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கருங்கல் தூண்களுக்கு மறுபுறம் நின்று அழுத்துபவர்களுக்கும் தெரியும். ட்ரிகரைச் சட்டைப் பையில் வைத்து அழுத்தாமல் கையை உயர்த்தி அழுத்திப் பாருங்கள். இரண்டடி நகர்ந்து நிற்பதே பல நேரங்களில் மருந்து.

மாலை ஆறு மணிக்கு மேல் வண்டிகள் நிறுத்தப்பட்டுக் கடற்கரைச் சாலை முழுதும் கூட்டம் சேரும்போதும், திருமண மண்டபத்தில் வைஃபை ரூட்டருக்குப் பக்கத்தில் கேமரா இருக்கும்போதும் அலை நெரிசலால் அழுத்தங்கள் தவறும். சேனலை மாற்றிப் பார்க்கலாம். லேப்டாப்பில் செருகிய யு.எஸ்.பி. 3 ஹார்ட் டிஸ்க்கும் அதன் கேபிளும் இதே அலைவரிசையில் இரைச்சலை எழுப்பக்கூடியவை. ரிசீவரை அவற்றிலிருந்து ஓரடியாவது தள்ளி வையுங்கள்.

தலைகீழான அறிகுறியும் உண்டு: தூரத்தில் இயங்கி, ஒரு மீட்டருக்குள் வந்ததும் தவறுவது. கோடாக்ஸ் போன்ற சில ட்ரிகர்களில் தூரத்தை 0 முதல் 30 மீட்டர் என்று குறைத்துவைக்கும் அமைப்பு இதற்காகவே இருக்கிறது.

முன்பு எட்டிய தூரம் எல்லாவற்றையும் சரிசெய்தபின்பும் எட்டாவிட்டால், உள்ளே ஆன்டெனா கம்பி அறுந்திருக்கும். அதைத் திறந்து ஒட்டுவது பழக்கமுள்ளவர் வேலை.

அறிகுறி 6: யாரும் அழுத்தாமலே க்ளிக் ஆகிறது

மேல்தளத்தில் ஒரு திருமணமும் கீழ்த்தளத்தில் வேறொரு நிகழ்ச்சியும் நடக்கும் மண்டபங்களில், இரு குழுக்களும் ஒரே பிராண்டு ட்ரிகரைப் பெட்டியிலிருந்து எடுத்த சேனலிலேயே வைத்திருந்தால் இது நடக்கும். நம் கேமரா அவர்கள் அழுத்தும்போதெல்லாம் படமெடுக்கும். நம் பட்டனுக்கு அவர்கள் ஃபிளாஷ் மின்னும். சேனலை மாற்றுவதோடு, ஐ.டி. எண் வசதி இருந்தால் அதையும் தனியாக அமைத்துக்கொள்ளுங்கள். எதிர்க்குழுவிடம் போய் எந்த சேனல் என்று கேட்டுவிடுவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

ரிசீவரை அணைத்தபிறகும் தானாக க்ளிக் ஆனால் கேபிளைக் கழற்றுங்கள். நின்றுவிட்டால் கேபிளுக்குள் கம்பிகள் ஒட்டியிருக்கின்றன அல்லது பின்னில் ஈரம் இருக்கிறது. கேபிள் இல்லாமலும் தொடர்ந்தால் கேமராவின் துளைக்குள் ஈரமோ துருவோ இருக்கிறது. பேட்டரியைக் கழற்றி, சர்வீஸுக்கு எடுத்துச் செல்லுங்கள்.

அறிகுறி 7: க்ளிக் ஆகிறது, நிற்கமாட்டேன் என்கிறது

ஒருமுறை அழுத்தினால் பத்துப் படம் விழுவது தொடர் படமெடுக்கும் நிலை அணையாததால். ஷட்டர் திறந்தபடியே நின்றுபோனால், டயல் பல்ப் நிலையில், அதாவது பட்டனை அழுத்தியிருக்கும்வரை ஷட்டர் திறந்திருக்கும் நிலையில், இருக்கிறதா என்று பாருங்கள். அதில் ட்ரிகரின் பட்டன் பூட்டப்பட்டிருந்தால் விடுவிக்கும் வரை மூடாது. மணல் புகுந்து பட்டன் உள்ளேயே மாட்டிக்கொள்வது கடலூர் சில்வர் பீச்சில் வேலை செய்பவர்களுக்கு வாடிக்கை. ஊதினால் மணல் இன்னும் உள்ளே போகும். தலைகீழாகப் பிடித்து மெல்லத் தட்டி, மென்மையான தூரிகையால் எடுங்கள்.

அறிகுறி 8: கடல் நீர் பட்டுவிட்டது

அழுத்திப் பார்க்காதீர்கள். ட்ரிகரானால் செல்லை உடனே எடுத்துவிட்டு, மூடியைத் திறந்து, மருந்துக் கடையிலோ பேட்டரிக் கடையிலோ கிடைக்கும் காய்ச்சி வடித்த நீரால் உப்புப் போகும்வரை கழுவி, ஆல்கஹாலால் ஒருமுறை அலசி, நிழலில் இரண்டு நாள் காயவையுங்கள். அரிசியில் புதைத்து வைப்பதால் ஈரம் வேண்டுமானால் சிறிது குறையலாம், உப்பு போகாது. பலகையைத் தின்பது உப்புதான். கேபிளைக் காப்பாற்ற முயல வேண்டாம், புதியது வாங்குங்கள். கேமராவானால் கழுவும் எண்ணமே கூடாது: பேட்டரியையும் கார்டையும் எடுத்துவிட்டு, வெளிப்புறத்தை நல்ல நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, அன்றே சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு செல்லுங்கள், கொடுக்கும்போது பட்டது கடல் நீர் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.